முதல் வகுப்பும் இலவசக் குடையும்

மேல் வகுப்பில் பிரயாணம் செய்ய வேண்டும். கீழ் வகுப்புக்கு உண்டான பணத்தைத்தான் கொடுக்க வேண்டும். இந்த ஆசை மனிதனுக்கு எப்போது தோன்றியது? வண்டியில் வகுப்பு என்று ஒன்று ஏற்பட்ட மறுநாளே தோன்றியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இன்றைக்கு அந்த ஆசை ஆகாயத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எங்கள் ஆலங்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அல்ல. ராஜபாளையத்துக்குக் கிழக்கே, சுண்ணாம்புக் கல் விளைகிற பூமியில், 1970-ம் வருஷம் சர்க்கார் சிமெண்டு ஆலை வந்ததே, அந்த ஆலங்குளம். இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் படித்துவிட்டுத் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போய் வேலை பார்க்கிறார்கள். மருமகளுக்குப் பிரசவ காலம் என்றால் ஊரிலிருந்து தாயார் போக வேண்டும். தாயாருக்கோ முழங்கால் வலி. இருபது மணி நேரம் காலை மடக்கிக்கொண்டு உட்காருவது என்றால் நடக்கிற காரியமா? விமானத்தின் முன்பகுதியில் பிசினஸ் வகுப்பு என்று ஒன்று இருக்கிறது. அங்கே நாற்காலி கட்டிலாக மாறும். காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போகலாம். ஆனால் பின்னால் உட்காருகிறவர் கொடுப்பதைப் போல மூன்று மடங்கு, நாலு மடங்கு, சில சமயம் அதற்கும் மேலே பணம் எண்ணி வைக்க வேண்டும். பிள்ளை ராத்திரி முழுதும் கண் விழித்து, இதே கட்டில் எந்தத் தேதியில், எந்த ஊர் வழியாக, எந்தக் கம்பெனியில் மலிவாகக் கிடைக்கும் என்று தேடுகிறான். ஆச்சரியம் என்னவென்றால், தேடினால் கிடைக்கவும் செய்கிறது!

கம்பெனிக்காரன் ஏன் குறைத்துக் கொடுக்கிறான்? அவனுக்கு நம் தாயாரின் முழங்காலைப் பற்றிக் கவலையா? இல்லை. இந்த மலிவுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதன் மிக விசேஷமான அத்தியாயம் ஒன்று நம் தூத்துக்குடியிலேயே எழுதப்பட்டது. அங்கே போவதற்கு முன்னால் கொஞ்சம் ரயிலில் போய் வருவோம்.

வகுப்பு என்பதை ரயில்காரர்கள்கூடப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தில் குதிரைக் கோச்சு ஓடிய காலத்திலேயே, வண்டிக்குள் உட்காருகிறவனுக்கு ஒரு கட்டணம், கூரைமேல் தொற்றிக்கொண்டு போகிறவனுக்குக் குறைந்த கட்டணம் என்று இருந்தது. மழை பெய்தால் கூரைமேல் இருப்பவன் நனைவான். அது இயற்கை. ரயில்காரர்கள் செய்தது என்னவென்றால், இயற்கையை ஏற்பாடாக மாற்றியதுதான். மூன்றாம் வகுப்பு என்று கூரையே இல்லாத, சரக்கு ஏற்றும் திறந்த பெட்டிகளைக் கோத்து ஓட்டினார்கள். 1841-ம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள், சானிங் என்ற இடத்தில் மண் சரிந்து கிடந்த பாதையில் ஒரு ரயில் மோதிற்று. திறந்த பெட்டியில் இருந்த ஏழைப் பிரயாணிகள் பலர் தூக்கி எறியப்பட்டு மாண்டுபோனார்கள். அதன் பிறகு 1844-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. தினந்தோறும் ஒரு ரயிலாவது மைலுக்கு ஒரு பென்னி கட்டணத்தில் ஓட வேண்டும். அதில் உட்கார இடமும் மழைக்குக் கூரையும் இருக்க வேண்டும் என்பது சட்டம். கூரை போடுவதற்குக்கூட ஒரு சட்டம் வேண்டியிருந்தது, பாருங்கள்!

கூரை போடப் பணம் இல்லாமலா போட்டி போட்டுக்கொண்டு திறந்த பெட்டி ஓட்டினார்கள்? ஜூல் துப்புயி என்று ஒரு பிரெஞ்சுக்காரர். பாலமும் சாலையும் போடுகிற என்ஜினீயர்; பொருளாதாரத்திலும் பெரிய தலை. அவர் 1849-ல் இந்த ரகசியத்தை உடைத்துவிட்டார். ஏழையைத் துன்புறுத்த வேண்டும் என்று கம்பெனிக்கு ஆசை ஒன்றும் இல்லையாம். இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கச் சக்தியுள்ளவன், மூன்றாம் வகுப்பே போதும் என்று இறங்கி வந்துவிடக் கூடாது. அவனை அச்சுறுத்துவதற்குத்தான் மூன்றாம் வகுப்பில் கூரையை எடுத்துவிட்டார்கள். அடி விழுவது ஏழைக்கு. பாடம் படிப்பது பணக்காரனுக்கு!

இந்த ஒரு சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டால், இன்றைய விமானத்தில் பின்பகுதி நாற்காலிகளுக்கு நடுவே முழங்கால் இடம் ஏன் அங்குலம் அங்குலமாகக் குறைந்துகொண்டு வருகிறது என்பதும் பாதி விளங்கிவிடும். இடம் நெருக்கினால் இன்னும் நாலு பேரை ஏற்றலாம் என்பது ஒரு காரணம். முன்பகுதியின் விலையைப் பின்பகுதியின் அசௌகரியம் தாங்குகிறது என்பது இன்னொரு காரணம்.

இதற்கு விரோதமாக நடந்த புண்ணியவான்களும் உண்டு. இங்கிலாந்தில் மிட்லண்டு ரயில்வே என்று ஒரு கம்பெனி. அதன் நிர்வாகி ஜேம்ஸ் ஆல்போர்ட் 1872-ல் எல்லா ரயில்களிலும் மூன்றாம் வகுப்புக்காரர்களை ஏற்றினார். 1875-ல் ஒரே அடியாக இரண்டாம் வகுப்பையே ஒழித்தார். முதல் வகுப்புக் கட்டணத்தை இரண்டாம் வகுப்பு அளவுக்குக் குறைத்தார். மூன்றாம் வகுப்புக்கு மெத்தை போட்டார். மற்றக் கம்பெனிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கூட்டம் மிட்லண்டுக்குப் போனபோது தாங்களும் வேறு வழியில்லாமல் பின்னாலேயே போனார்கள். மேல் வகுப்பு மலிவாகக் கிடைத்த முதல் பெரிய சந்தர்ப்பம் இதுதான் என்று சொல்லலாம்.

நம் தேசத்துக்கு அந்த மெத்தை வந்து சேர வெகு காலம் பிடித்தது. தென்னிந்திய ரயில்வே மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-ல் பாதை போட்டது. விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு ரயில் வந்தது 1927-ல். எல்லாவற்றிலும் மூன்றாம் வகுப்பு உண்டு. மகாத்மா காந்தி அதில் ஏறி, அதன் கூட்டத்தையும் குப்பையையும் பார்த்து, 1917-ல் ஒரு பிரசுரமே எழுதி வெளியிட்டார். 1974-ல்தான் மூன்றாம் வகுப்பு என்ற பெயரை எடுத்தார்கள். பெயர் போன வேகத்தில் நெரிசல் போகவில்லை என்பது நமக்குத் தெரிந்த விஷயமே.

ரயில் தூத்துக்குடிக்குப் போவதன் முக்கிய நோக்கம் அதற்கப்பால் இருந்த கடல். அந்தக் காலத்தில் இலங்கைக்குப் போவதென்றால் தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டும். தேயிலைத் தோட்டத்துக் கூலிகளும், கொழும்பில் கடை வைத்திருந்த வியாபாரிகளும், வெள்ளைக்காரத் துரைமார்களும் எல்லோரும் ஏறியது ஒரே கம்பெனியின் கப்பலில். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி என்பது அதன் பெயர். போட்டி கிடையாது. அவர்கள் சொன்னதுதான் கட்டணம், காட்டியதுதான் இடம்.

1906-ம் வருஷம் அக்டோபர் மாதம் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் யார் தெரியுமா? நம் அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பாலவநத்தம் ஜமீன்தார், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற பெருமகன் ஒருவரே 8,000 பங்குகளை வாங்கி 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். முதலில் பம்பாயில் ஒரு கம்பெனியிடம் கப்பலை வாடகைக்கு எடுத்தார்கள். வெள்ளைக் கம்பெனி மிரட்டியதும் அது பின்வாங்கிக்கொண்டது. கொழும்பில் ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டினார்கள். பிறகு 1907-ல் சொந்தக் கப்பல்களே வந்து சேர்ந்தன. ஒன்று ‘காலியா’, மற்றொன்று ‘லாவோ’.

அந்தக் கப்பலின் இடக் கணக்கைப் பாருங்கள். முதல் வகுப்பில் 42 பேர். இரண்டாம் வகுப்பில் 24 பேர். சாதாரண வகுப்பில் 1,300 பேர். போதாததற்கு 4,000 மூட்டை சரக்கு. ஆக, நூறு பேர் ஏறினால் அவர்களில் மூன்று பேருக்குத்தான் முதல் வகுப்பு. எனவே சண்டை நடந்ததும் மேல் தட்டில் அல்ல. தளத்தில் கும்பலாகப் போன அந்த 1,300 பேருக்காகத்தான்.

சண்டை எப்படி நடந்தது என்கிறீர்களா? வெள்ளைக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆக, பாதிக்குப் பாதி. வெள்ளைக் கம்பெனி யோசித்தது. கட்டணமே வேண்டாம், இலவசமாக ஏறுங்கள் என்றது. அது மட்டுமா? ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு குடை இனாம்!

இந்தக் குடையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது எல்லோரும் சிரித்திருப்போம். ஒரு கதாசிரியனுக்கு வேறு விதமான நினைப்பு வருகிறது. தோட்டத்துக்குப் போகிற ஒரு கூலிக்காரனை எண்ணிப் பாருங்கள். ஊரில் மழை பொய்த்துவிட்டது, கடன் இருக்கிறது, வீட்டில் இருந்த பாத்திரத்தை விற்றுத் துறைமுகம் வந்து சேர்ந்திருக்கிறான். ஒரு பக்கம் எட்டணா. மறு பக்கம் ஓசிப் பயணம், ஓசிக் குடை. போகிற இடமோ மழை நாடு. அவன் குடையை வாங்கிக்கொண்டு ஏறினான் என்றால் அவனைத் தேசத் துரோகி என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? எட்டணா என்பது அவனுக்குப் பணம். வெள்ளைக்காரனுக்குத் தெரிந்திருந்தது அது. அதனால்தான் குடையை நீட்டினான்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வ. உ. சி. கடலில் இறங்காமல் இருந்திருந்தால், அந்தக் கூலிக்காரனுக்கு ஓசிப் பயணமும் இல்லை, குடையும் இல்லை. குடையை நீட்டிய கை வெள்ளைக்காரனுடையது. நீட்ட வைத்தவர் வ. உ. சி.!

மலிவை வைத்து மட்டும் அவரை வீழ்த்த முடியவில்லை. கம்பெனியை விலைக்கு வாங்கிவிடலாம் என்று பார்த்தார்கள், அவர் இணங்கவில்லை. பிறகு சர்க்கார் வந்தது. 1908 மார்ச்சில் கைது, ஜூலையில் தண்டனை. இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் நாற்பது வருஷம் என்று ஜட்ஜு தீர்ப்புச் சொன்னார். மேல் முறையீட்டில் தண்டனை குறைந்தது என்றாலும், கோயமுத்தூர்ச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை மனிதன் இழுத்தது குறையவில்லை. தலைவன் இல்லாத கம்பெனி 1911-ல் கலைக்கப்பட்டது. கப்பல் போட்டிக்காரர்களின் கைக்கே போய்ச் சேர்ந்தது. அவர் 1912 டிசம்பரில் சிறையிலிருந்து வெளியே வந்தபோது துறைமுகத்தில் சுதேசிக் கப்பல் இல்லை. அதன் பிறகு அங்கே யாரும் குடை கொடுத்ததாக வரலாறு இல்லை.

கப்பல் கதையை இவ்வளவு விஸ்தாரமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆகாயத்தில் பிறகு நடந்ததெல்லாம் இந்தக் கதையின் மறு பதிப்புகளே.

ஆகாய விமானம் முதலில் வகுப்பு இல்லாமல்தான் பறந்தது. எல்லாமே மேல் வகுப்பு என்று அர்த்தம்! ஏர் இந்தியா இன்டர்நேஷனல் கம்பெனியின் ‘மலபார் பிரின்ஸஸ்’ 1948-ம் வருஷம் ஜூன் 8-ம் தேதி பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜினீவா வழியாக லண்டனுக்குக் கிளம்பியபோது அதில் பிரயாணிகள் 35 பேர். மகாராஜாக்களும் கோடீசுவரர்களுமாக ஏறினார்கள். ஒரு வழிக் கட்டணம் 1,720 ரூபாய். நம் ஊர் வாத்தியார் ஒருவர் தம் சம்பளத்தைப் பல வருஷம் சாப்பிடாமல் சேர்த்தால் போய்விடலாம். திரும்பி வருவது வேறு கணக்கு.

1952 மே மாதம் அட்லாண்டிக் கடலைத் தாண்டும் விமானங்களில் ‘டூரிஸ்ட்’ வகுப்பு ஏற்பட்டது. கட்டணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, நாற்காலிகள் நெருங்கின. 1958-ல் அதற்கும் கீழே ‘எக்கானமி’ வகுப்பு வந்தது. அப்போது உலக விமானக் கம்பெனிகளின் சங்கம் ஒரு விதி போட்டது. எக்கானமியில் போகிறவர்களுக்குச் சாண்ட்விச் மட்டும்தான் பரிமாற வேண்டும் என்பது விதி. துப்புயி சொன்ன கூரைச் சமாசாரம்தான். கூரைக்குப் பதில் சாப்பாடு! ஸ்காண்டிநேவியாக் கம்பெனி ஒன்று இதில் ஒரு தந்திரம் செய்தது. அவர்கள் நாட்டுச் சாண்ட்விச்சுக்கு மேல் ரொட்டி கிடையாது. அடியில் ஒரு துண்டு ரொட்டியை வைத்து, மேலே மீனும் மாமிசமும் காய்கறியுமாக ஒரு விருந்தையே அடுக்கிக் கொடுத்தார்கள். போட்டிக்காரர்கள் சும்மா விடுவார்களா? சாண்ட்விச் என்றால் என்ன என்று பஞ்சாயத்து நடந்தது. ஸ்காண்டிநேவியாக்காரர்களுக்கு அபராதம் விழுந்தது. ஏழைப் பிரயாணிக்குச் சாப்பாடு அதிகம் போட்ட குற்றத்துக்கு அபராதம்!

இனி பிசினஸ் வகுப்பு பிறந்த கதை. கேட்டால் சிரிப்பு வரும். மலிவு டிக்கெட்தான் அதைப் பெற்ற தாய்.

1970-க்குப் பிறகு பெரிய விமானங்கள் வந்தன. நிறைய நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவற்றை நிரப்புவதற்காக, முன்கூட்டியே வாங்கினால் இவ்வளவு குறைவு, இத்தனை நாள் தங்கினால் இவ்வளவு குறைவு என்று எக்கானமி டிக்கெட்டைப் பல விலைகளில் விற்றார்கள். ஆபீஸ் வேலையாக அவசரமாகப் போகிற உத்தியோகஸ்தர் முழுக் கட்டணமும் கொடுத்து ஏறுவார். பக்கத்து நாற்காலியில் ஒரு மாணவன், அவர் கொடுத்ததில் பாதிகூடக் கொடுக்காமல், அதே சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, அவர் தோளிலேயே சாய்ந்து தூங்குவான். உத்தியோகஸ்தருக்குப் பொறுக்குமா? முறையிட்டார்கள். 1976-ல் டச்சு நாட்டு கே.எல்.எம். கம்பெனி முழுக் கட்டணக்காரர்களைத் தனியே பிரித்து உட்கார வைத்தது. 1978-ல் அமெரிக்காவின் பான் ஆம் கம்பெனி அவர்களுக்கு ஒரு தனி வகுப்பு வைத்தது. 1979-ல் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் கம்பெனி பிசினஸ் வகுப்பு என்றே பெயர் சூட்டியது. ஆரம்பத்தில் முக்கியமான வித்தியாசம் நடுவில் தொங்கிய திரைதான். பிறகுதான் நாற்காலி அகன்றது. 2000-ம் வருஷம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அந்த வகுப்பு நாற்காலியை முற்றிலும் தட்டையான படுக்கையாக்கியது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். ராஜபாளையத்துத் தாயார் காலை நீட்டிப் படுக்க வழி பிறந்தது அப்படித்தான்.

அந்த 1977-ம் வருஷத்தில் இன்னொரு மனிதர் ஆகாயத்தில் குறுக்கே வந்தார். பிரெட்டி லேக்கர் என்ற ஆங்கிலேயர். செப்டம்பர் 26-ம் தேதி ‘ஸ்கைட்ரெயின்’ என்று பெயர் வைத்து லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு விமானம் விட்டார். ஒரு வழிக்கு 59 பவுன். முன்பதிவு இல்லை; வரிசையில் நின்று டிக்கெட் வாங்க வேண்டும்; சாப்பாட்டுக்குத் தனிக் காசு. ஜனங்கள் தெருவில் படுத்துக் கிடந்து வாங்கினார்கள். ராணியார் அவருக்கு ‘சர்’ பட்டம் கொடுத்தார். பெரிய கம்பெனிகள் தங்கள் கட்டணத்தை அவருடைய கட்டணத்துக்குச் சமமாகக் குறைத்தன. அதே பணத்துக்குச் சாப்பாட்டோடு பறக்கலாம் என்றால் யார் வரிசையில் நிற்பார்கள்? 1982 பிப்ரவரியில் லேக்கர் கம்பெனி கடனில் மூழ்கியது. தன்னை ஒழிக்கச் சதி நடந்தது என்று அவர் தரப்பில் போட்ட வழக்கு 1985-ல் சமரசமாகத் தீர்ந்தது. பணம் கைமாறிற்று. ஸ்கைட்ரெயின் மறுபடி பறக்கவில்லை. தூத்துக்குடிக் கதைக்கும் இதற்கும் இடையே எழுபது வருஷம். செக்கு ஒன்றுதான் குறைவு.

நம் நாட்டிலேயே காப்டன் கோபிநாத் 2003-ல் ஏர் டெக்கான் தொடங்கி, ஒரு ரூபாய்க்குக்கூட டிக்கெட் விற்றார். விமான நிலையத்தின் வாசலை வெளியிலிருந்தே பார்த்தவர்கள் உள்ளே போனார்கள். 2008-க்குள் அந்தக் கம்பெனி கிங்ஃபிஷரில் கரைந்தது. 2012-ல் கிங்ஃபிஷரும் நின்றது. பிசினஸ் வகுப்பையே மலிவாகக் கொடுக்கிறோம் என்று கிளம்பியவர்களும் உண்டு. மாக்ஸ்ஜெட், ஈயாஸ், சில்வர்ஜெட் என்று மூன்று கம்பெனிகள் விமானம் முழுதும் மேல் வகுப்பு நாற்காலியே போட்டு அட்லாண்டிக்கைத் தாண்டின. 2007 டிசம்பர் தொடங்கி 2008 மே முடிவதற்குள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. எண்ணெய் விலை ஏறியது ஒரு காரணம். பெரியவர்களின் போட்டி இன்னொரு காரணம். 2014-ல் பிரான்சில் தோன்றிய லா கம்பனி மட்டும் அதே வழியில் இன்னும் பறந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் இன்று நம் பிள்ளை ராத்திரி தேடிப் பிடிக்கிற மலிவெல்லாம் சண்டையில் கிடைத்த குடைதானா? எல்லாம் அல்ல. மலிவில் இரண்டு ஜாதி உண்டு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பூக்காரியைப் பாருங்கள். காலையில் மல்லிகை முழம் ஒரு விலை. இருட்டுகிற நேரத்தில் அதே முழம் பாதி விலை. விடிந்தால் பூ வாடிவிடும். விமானத்து நாற்காலியும் பூ மாதிரிதான். கதவை மூடிப் பறந்துவிட்டால் காலி நாற்காலிக்கு விலை சூன்யம். ஆனால் விமானக் கம்பெனி பூக்காரியைவிடக் கெட்டிக்காரன். கடைசி நேரத்தில் ஓடி வருகிறவன் அவசரக்காரன் என்று அவனுக்குத் தெரியும். ஆகையால் அப்போது விலையை ஏற்றுவான். அவசரமில்லாதவனுக்கு முன்கூட்டியே குறைத்து விற்பான். எந்த நாற்காலியை எந்த நாளில் எந்த விலைக்கு விடுவது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரே வரிசையில் படுத்திருக்கும் இரண்டு பேரில் ஒருவர் கொடுத்தது மற்றவர் கொடுத்ததில் பாதியாக இருக்கலாம். இருவரும் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்ளாமல் இருக்கிற வரையில் பிரயாணம் சுகமாக இருக்கும்.

இந்தப் பூக்காரி மலிவைப் பிடிக்கிற வழிகள் இரகசியம் ஒன்றும் அல்ல. நேரே போகிற விமானத்தைவிட நடுவில் இறங்கி மாறுகிற விமானத்தில் பெரும்பாலும் விலை குறைவு. ஆபீஸ்காரர்கள் வீட்டில் இருக்கிற விடுமுறைக் காலத்தில் பிசினஸ் வகுப்புக் காற்றாடும், அப்போது குறைப்பார்கள். எக்கானமி டிக்கெட் வாங்கியவரிடமே, மேல் வகுப்புக்கு எவ்வளவு சேர்த்துத் தருவீர்கள் என்று ஏலம் கேட்கிற கம்பெனிகளும் உண்டு. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பெரிய அளவில் தொடங்கிய மைல் கணக்கு இன்னொரு வழி. பறந்த மைலைச் சேர்த்து வைத்து, அதைக் கொடுத்து மேல் வகுப்பு ஏறலாம்.

கிளம்புகிற ஊரை மாற்றுவதும் ஒரு வழி. டிக்கெட்டின் விலையைத் தூரம் நிர்ணயிப்பதில்லை. கிளம்புகிற ஊரில் இருக்கும் போட்டி நிர்ணயிக்கிறது. சென்னையிலிருந்து ஒரு விலை, கொழும்பிலிருந்து வேறு விலை என்று இருக்கும். 2012-லிருந்து மதுரையிலிருந்தே கொழும்புக்கு விமானம் போகிறது. எங்கள் ஊர்க்காரர்கள் அங்கே போய், அங்கிருந்து தூர தேசத்துக்கு மேல் வகுப்பில் ஏறினால் பணம் மிச்சமாகிற சந்தர்ப்பங்கள் உண்டு. ஒரு எச்சரிக்கை: டிக்கெட்டில் எழுதிய ஊரில்தான் ஏற வேண்டும். முதல் கட்டத்தை விட்டுவிட்டு நடுவில் ஏறப் பார்த்தால், மீதிப் பிரயாணத்தையும் ரத்து செய்துவிடுவார்கள்.

கொழும்பு மறுபடியும் வந்துவிட்டது, கவனித்தீர்களா? தூத்துக்குடியில் எட்டணாவுக்குக் கப்பல் ஏறிய ஜனங்களின் அதே கொழும்பு. 1914-ல் தனுஷ்கோடி வழியாக ரயிலும் கப்பலும் இணைந்த பாதை வந்தபோது தூத்துக்குடியின் மவுசு குறைந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே போயிற்று. இப்போது ஆகாயம். பாதை மாறிக்கொண்டே இருக்கிறது. மேல் வகுப்புக்கும் கீழ் வகுப்புக்கும் நடுவே தொங்குகிற திரை மட்டும் அப்படியே இருக்கிறது.

இரண்டாவது ஜாதி மலிவு, குடை மலிவு. அதை வாங்குவதிலும் பாவம் இல்லை. தாயாரின் முழங்காலுக்குச் சித்தாந்தம் தெரியாது. ஆனால் கொடுக்கிறவன் எதற்காகக் கொடுக்கிறான் என்பது வாங்குகிறவனுக்குத் தெரிந்திருப்பது நல்லது. பூக்காரியின் மலிவு நாளைக்கும் கிடைக்கும், ஏனென்றால் நாளைக்கும் பூ வாடும். குடை மலிவு எதிரி இருக்கிற வரைக்கும்தான் கிடைக்கும். எதிரி ஒழிந்த மறுநாள் பழைய கட்டணம் திரும்பி வரும். சில சமயம் விட்ட நஷ்டத்தையும் சேர்த்துக்கொண்டு வரும். அந்த எதிரி நம் பக்கத்து மனிதனாகவும் இருந்துவிட்டால், நாம் குடை பிடித்துக்கொண்டு இறங்குகிற நேரத்தில் அவன் எங்கேயோ செக்கு இழுத்துக்கொண்டிருப்பான்.

ஆகையால், மலிவு டிக்கெட் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். தாயாரைக் காலை நீட்டிப் படுக்க வைத்து அனுப்புங்கள். கூடவே, உங்கள் ஊர் விமான நிலையத்தில் எத்தனை கம்பெனிகளின் விமானங்கள் வந்து நிற்கின்றன என்பதையும் அவ்வப்போது எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே கப்பல் வந்து நிற்கிற துறைமுகத்தில் குடை கொடுக்கிற வழக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.